ஆயா கொட்டகை போச்சு, வேலை போகலையே!



வழக்கமாக இந்தச் சுகாதாரப் பகுதியில் இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல் என்று வியாதிகளைப் பற்றித்தான் பேசுவோம். இந்த முறை, வியாதி வந்த பிறகு வீட்டுக்குள் நடக்கிற காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. பராமரிப்பு என்பது அதன் பெயர். அதைச் செய்ய ஆள் வேண்டும், இடம் வேண்டும், காசு வேண்டும். நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த மூன்றுமே இன்றைக்கு இல்லை.

ஆகையால் நாமே உறுப்பினர்களாகச் சேர்ந்து ஒரு பராமரிப்புக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வேண்டும். பினாங்கில் இருக்கிற இரண்டு மாநகராண்மைக் கழகங்களும் அதற்குக் கை கொடுக்க வேண்டும். இதுதான் என் கருத்து. 'டிரசருக்கு எதுக்கு இந்த வேலை?' என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்தகம் செய்வது எவ்வளவு?

பக்கவாதம் வந்து கை கால் விழுந்துபோன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, ஆபத்து நீங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை டாக்டர் வேலை. அதற்குப் பிறகு வீட்டார் வேலை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதில் பாதி ராத்திரியில். இதைச் செய்யாவிட்டால் இடுப்பு, பிட்டம், குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். படுக்கைப் புண் ஆழமாகப் போனால் எலும்பு வரைக்கும் போகும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுத்தபடியே ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். முதல் சில மாதங்களில் தினமும் கை காலை அசைத்துப் பயிற்சி கொடுத்தால் ஓரளவு நடமாட்டம் திரும்பும். அந்த மாதங்களை விட்டுவிட்டால் பிறகு கஷ்டம்.

சிறுநீரகம் கெட்டவருக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம். கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, கூட்டி வருவதற்கு ஒருவர் வேண்டும். இனிப்புநீர்க்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும். தினமும் ஒருவர் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்த்தால் கால் தப்பும். பார்க்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், பிறகு பாதத்தை.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருப்பதாகத் தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இதில் நமக்குப் பெருமை ஒன்றுமில்லை.

மாத்திரையை நான் எண்ணிக் கொடுத்துவிடலாம், புண்ணுக்குக் கட்டும் போடலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பிப் போடுவது யார்? மருந்தகச் சீட்டில் அதற்கு இடமே கிடையாது.

முன்பு யார் பார்த்தார்கள்?

லயத்தில் வாழ்ந்த காலத்தில் கஷ்டம் நிறைய இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. கூலி குறைவு, வீடு சிறியது, மழை வந்தால் ஒழுகும். ஆனால் பிரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். கொட்டகையில் தொட்டில் இருந்தது, பால் இருந்தது, ஓர் ஆயா இருந்தாள். காய்ச்சல் வந்தால் டிரசர் இருந்தார். வயதான பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கண் வைத்துக்கொள்வாள். இவை முதலாளி மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. சட்டம் போட்டு, சங்கம் கேட்டு வாங்கியவை. இன்றைக்கும் 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தில் தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் மருத்துவ வசதிக்கும் இடம் இருக்கிறது.

தோட்டமே போய்விட்டால் சட்டம் யாரைப் பிடிக்கும்? செபராங் பிறையில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன என்று உங்களுக்குத் தெரியும். பத்து காவானைப் பாருங்கள். ஒரு காலத்தில் கரும்பும் ரப்பரும் செம்பனையும் இருந்த மண். 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அங்கே தொழிற்சாலைகளும் பெரிய கடைகளும்தான் கண்ணில் படுகின்றன. நம் ஆட்கள் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், தீவில் ஜார்ஜ் டவுன் என்று அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. லிப்ட் கெட்டுப்போனால் நான்காவது மாடியில் இருக்கிற பாட்டி கிளினிக்குக்குப் போக முடியாது.

1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய பிறகு தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். குடும்பத்துக்கு அதனால் நல்லது நடந்தது. ஆனால் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் வேலையை விடுவது யார்? மகன் விடுவதில்லை. மகளோ மருமகளோதான் விடுகிறாள். வேலை போனால் சம்பளம் போகிறது, சேமநிதியும் நிற்கிறது. இருபது வருஷம் கழித்து அவள் படுக்கும்போது அவள் கையில் ஒன்றுமிருக்காது.

ஆக, ஆயா கொட்டகை போய்விட்டது. ஆயா செய்த வேலை மட்டும் போகவில்லை. அது சம்பளமில்லாமல் நம் பெண்கள் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போது இருக்கிற வழிகள்

தனியார் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. 1993ஆம் ஆண்டு பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்தவையும் உண்டு, பதியாதவையும் உண்டு. நல்ல இல்லம் என்றால் மாதக் கட்டணத்தைப் பால்மரம் வெட்டியவர் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாது. கட்டணம் குறைந்த இடத்தில், எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேட்டாலே முகம் மாறிவிடும்.

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே வந்து படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் தாதிமார்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய சேவை. வருவார்கள், கட்டு மாற்றுவார்கள், குழாய் மாற்றுவார்கள், வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தினமும் வந்து குளிப்பாட்ட அவர்களால் முடியாது. சமூக நல இலாகா உதவித்தொகை உண்டு. தகுதி உள்ளவர்கள் கட்டாயம் மனுச் செய்ய வேண்டும். ஆனால் காசு கையில் இருந்தாலும் வேலை செய்ய ஆள் வேண்டுமே! கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தைத்தான் நாம் நிரப்ப வேண்டும்.

பத்து வெள்ளிப் பாடம்

கூட்டுறவு என்பது நமக்குப் புதுச் சரக்கு இல்லை. இந்த நாட்டில் முதல் கூட்டுறவுச் சங்கம் 1922இல் பதிவானது. தபால் தந்தி ஊழியர்கள் ஆரம்பித்த சிக்கனக் கடன் சங்கம் அது. அதையொட்டித் தோட்டங்களிலும் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் எழுந்தன.

பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலம் வந்தது. அப்போது துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். 'கூலிக்காரன் தோட்டம் வாங்குறதா?' என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் பல தோட்டங்கள் வந்தன. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

பத்து வெள்ளியைச் சேர்த்து நிலம் வாங்க முடிந்த சமூகத்தால், பத்து வெள்ளியைச் சேர்த்துக் கிழவன் கிழவிகளைப் பார்த்துக்கொள்ள முடியாதா?

நம் பினாங்கிலேயே வேறு சமூகத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். லாம் வா ஈ மருத்துவமனை 1883இல் ஏழைகளுக்கு இலவசச் சீன வைத்தியம் பார்க்கும் இடமாகத் தொடங்கியது. ஊர் மக்கள் நன்கொடையில் வளர்ந்து, நூறு வருஷம் கழித்து 1983இல் நவீன மருத்துவமனையாக எழுந்தது. சட்டப்படி அது கூட்டுறவு இல்லைதான். ஆனால் ஊர் சேர்ந்தால் ஓர் ஆஸ்பத்திரியே நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

கேரளத்திலும் குஜராத்திலும் இத்தாலியிலும்

நம் தோட்டத்துக் கிராணிமார், டிரசர்மார் பலர் கப்பலேறி வந்த மலையாளக் கரையில் நடந்ததைக் கேளுங்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சில டாக்டர்கள் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தீராத நோயாளிகள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று கண்டு, மலப்புறம் மாவட்டத்தில் ஊர்க்காரர்களையே பயிற்றுவித்தார்கள். பஸ் ஓட்டுபவர், கடைக்காரர், பள்ளி வாத்தியார், வீட்டுப் பெண்கள் என்று பலரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கினார்கள். செலவுக்கு ஊரில் சின்னச் சின்னத் தொகையாக வசூல்.

2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. அதன் பிறகு பஞ்சாயத்துகள் தங்கள் பணத்திலிருந்து தாதியை நியமித்து, வண்டி கொடுத்து, வீடு வீடாக அனுப்புகின்றன. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஊர் முதலில் ஆரம்பித்தது. பஞ்சாயத்து பிறகு வந்து தோள் கொடுத்தது. ஊர் மட்டும் என்றால் களைத்துப்போயிருக்கும். பஞ்சாயத்து மட்டும் என்றால் இன்னொரு இலாகாவாகப் போயிருக்கும்.

குஜராத்தில் அகமதாபாத் நகரில் எலா பட் அம்மையார் 1972இல் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். தலைச்சுமை தூக்குகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், வீதியில் காய்கறி விற்கிறவர்கள் அதன் உறுப்பினர்கள். கூலிக்காகப் போராடிய அந்தச் சங்கம், பிள்ளையைப் பார்க்கவும் நோயைக் கவனிக்கவும் தனித்தனிக் கூட்டுறவுகளை அமைத்தது. லோக் ஸ்வஸ்த்யா என்ற சுகாதாரக் கூட்டுறவு 1990இல் பதிவானது. தொழிற்சங்கத்துக்கு இது வேலையில்லை என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இத்தாலியில் போலோஞ்ஞா என்று ஒரு நகரம். அங்கே வீட்டு வேலையும் நோயாளிப் பராமரிப்பும் செய்துகொண்டிருந்த பெண்கள் 1974இல் காதியாய் என்ற கூட்டுறவை அமைத்தார்கள். அதுவரை அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. இன்று அது குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு என்று பெரிய அமைப்பாக நிற்கிறது. 1991இல் அந்த நாடு இப்படிப்பட்ட சமூகக் கூட்டுறவுகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. நகராட்சி இவற்றோடு ஒப்பந்தம் செய்து வேலையைக் கொடுக்கிறது. வேலையாட்களே சங்கத்தின் சொந்தக்காரர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வெறும் பேச்சுக் கூடாது. கணக்குப் போடுவோம். இது நான் உதாரணத்துக்குப் போடுகிற கணக்கு; நீங்களும் பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

200 குடும்பங்கள் சேர்ந்து மாதம் 10 வெள்ளி கட்டினால் 2,000 வெள்ளி. பகல் நேரத்தில் முதியவர்களை வைத்துப் பார்க்க ஓர் இடம். 15 பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வெள்ளி, மாதம் 22 நாள். அது 1,980 வெள்ளி. மொத்தம் 3,980 வெள்ளி வரவு.

செலவு என்ன? இரண்டு பராமரிப்புப் பெண்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இருவருக்கும் 3,400. முதலாளி பங்குச் சேமநிதியும் சொக்சோவும் சேர்த்தால் ஏறக்குறைய 3,900 வெள்ளி. மிச்சம் 80 வெள்ளி. அந்த 80 வெள்ளியில் கடை வாடகை, கரண்டு, தண்ணீர், சாப்பாடு, கையுறை, நாப்கின், மருந்துப் பஞ்சு எல்லாம் வாங்க வேண்டும். நடக்கிற காரியமா?

நடக்காது. சங்கம் ஆரம்பித்து ஆறு மாதத்தில் இழுத்து மூட வேண்டியதுதான். சம்பளத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். அந்த யோசனையை நம் சங்கம் ஒரு காலும் ஏற்கக் கூடாது. நம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் ஒரு தொழிலாளிதான். 'சேவை' என்று அழகாகப் பேர் வைத்து அவள் வயிற்றில் அடிக்க நமக்கு உரிமையில்லை.

அப்படியென்றால் எங்கே குறைக்க முடியும்? வாடகையில் குறைக்கலாம், உரிமக் கட்டணத்தில் குறைக்கலாம். இவை இரண்டும் யார் கையில் இருக்கின்றன? மாநகராண்மைக் கழகத்தின் கையில்தான்.

மாநகராண்மைக் கழகம் என்ன செய்யலாம்?

முதலாவது, இடம். தீவிலும் பெருநிலத்திலும் பொது மண்டபங்கள் எத்தனையோ இருக்கின்றன. சனி ஞாயிறு கல்யாணம், பிறந்தநாள் என்று கலகலப்பாக இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை பல மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலும் காலி இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பெயரளவு வாடகைக்குப் பராமரிப்புச் சங்கத்துக்கு விடலாம்.

இரண்டாவது, உரிமம். ஒரு பராமரிப்பு நிலையம் நடத்த வேண்டுமென்றால் சமூக நல இலாகா, தீயணைப்புப் படை, சுகாதார இலாகா, மாநகராண்மைக் கழகம் என்று பல வாசல் ஏற வேண்டும். பாதுகாப்பு விதிகள் அவசியம். அதில் சலுகை கேட்கக் கூடாது. ஆனால் எந்தப் பாரம் எங்கே, எந்தப் படிக்கட்டுக்கு எத்தனை அடி அகலம் என்று சொல்லிக் கொடுக்க ஓர் அதிகாரியை ஒதுக்கலாமே! விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்குப் பதில் திருத்திக் கொடுக்கலாமே!

மூன்றாவது, வேலை ஒப்பந்தம். மாநகராண்மைக் கழகங்கள் துப்புரவு, தோட்ட வேலை என்று ஒப்பந்தம் விடுகின்றன. முதியோர் வீடுகளைச் சென்று பார்க்கும் வேலையையும் ஒப்பந்தமாக விடலாம். ஒன்று மட்டும். 'யார் மலிவு?' என்று மட்டும் பார்த்து விட்டால் கூலியைக் குறைத்தவன்தான் ஜெயிப்பான். சம்பளம், சேமநிதி, பயிற்சி ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து விட வேண்டும். மூன்று வருஷத்துக்காவது விட வேண்டும். வருஷா வருஷம் கை ஏந்துகிற சங்கம் நல்ல ஆளை வேலையில் வைத்திருக்க முடியாது.

நான்காவது, ஆரம்பத் தொகை. கட்டில், சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, சாய்தளம் ஆகியவற்றுக்கு ஒரு தடவை கொடுக்கிற பணம்.

ஐந்தாவது, தலையிடாமை. உதவி செய்கிறோம் என்று தலைவர் நாற்காலியைக் கேட்கக் கூடாது. கணக்கைப் பார்க்கட்டும், சுத்தத்தைச் சோதிக்கட்டும். நிர்வாகத்தை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவருக்கு ஓர் ஓட்டு என்பது 1844இல் இங்கிலாந்து ரோச்டேல் நகரத்தில் 28 பேர் சேர்ந்து கடை திறந்த நாளிலிருந்து கூட்டுறவின் உயிர்.

'மாநகராண்மைக் கழகம் குப்பை எடுக்கத்தானே இருக்கு?' என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் டவுன் 1957இல் மாநகர அந்தஸ்துப் பெற்றபோது முதல் மேயராக இருந்தவர் நம் டி.எஸ்.இராமநாதன். அந்தக் காலத்தில் மாநகரசபை மின்சாரம் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, பஸ் ஓட்டியது. மனமிருந்தால் ஊராட்சியால் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு வேறு ஊரைத் தேட வேண்டியதில்லை.

அப்போது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்த பிறகு உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு எடுத்த முயற்சி 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நின்றுபோனது. ஓட்டு இல்லாத இடத்தில் நம் குரலைச் சங்கமாகச் சேர்ந்துதான் கேட்க வைக்க முடியும். கேட்டால் பலன் உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2012இல் பினாங்குப் பெண்கள் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து, தீவில் ஜாலான் சுங்கை, பெருநிலத்தில் அம்பாங்கான் ஆகிய மக்கள் வீடமைப்புகளில் குடியிருப்பவர்களையே கேட்டு, எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்று முடிவு செய்யும் முறையை ஆரம்பித்தன. அதே முறையில் 'எங்களுக்குப் பராமரிப்பு வேண்டும்' என்று நாம் கேட்கலாம்.

சிலர் கேட்கிற கேள்விகள்

'கூட்டுறவா? 1986 ஞாபகம் இல்லையா?' என்று வயதானவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வருஷம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகளின் கணக்குகள் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பணத்தைப் போட்டுவிட்டுத் தவித்தார்கள். அங்கே நடந்தது என்ன? ஜனங்களின் சேமிப்பை வாங்கி, நிர்வாகிகள் நிலத்திலும் பங்குச் சந்தையிலும் போட்டு விளையாடினார்கள். ஆகையால் பராமரிப்புச் சங்கத்தின் முதல் விதியே இதுவாக இருக்கட்டும்: வைப்புத்தொகை வாங்காது, கடன் கொடுக்காது, நிலம் வாங்கி விற்காது. மாதச் சந்தாவும் கட்டணமும் மட்டும். மாதக் கணக்கை மண்டபப் பலகையில் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

'இது அரசாங்கத்தின் கடமை ஆயிற்றே, நாம் ஏன் சுமக்க வேண்டும்?' என்பது இளைஞர்களின் கேள்வி. அதுவும் சரி. டாக்டர், தாதி, மருந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு. அதில் ஒரு தும்பைக்கூட நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூட்டுறவு செய்வது குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் போடுவது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது. அதோடு ஒரு லாபமும் உண்டு. தனி ஆளாகப் போய்க் கேட்டால் 'நாளைக்கு வா' என்பார்கள். 200 குடும்பங்களின் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் நாற்காலி போடுவார்கள்.

'பெத்தவங்களைப் பிள்ளைங்கதான் பார்க்கணும், வெளியாள் கையில விடுறது பாவம்' என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். பகலில் ஆயா கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போனபோது நாம் தாயாக இல்லாமல் போய்விட்டோமா? சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்ளவில்லையா? பாட்டியும் பகலில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசி, நேரத்துக்குச் சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும். தனி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட அது மேல்.

'நம்ம ஆளுங்களுக்கு மட்டுந்தானே?' என்றும் ஒரு கேள்வி. இல்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் இடுப்பு அதே இடுப்புத்தான், படுக்கைப் புண் அதே புண்தான். எல்லாருக்கும் திறந்த சங்கம் என்றால்தான் பொது மண்டபத்தைக் கேட்கிற உரிமையும் நமக்கு வரும்.

இப்போது செய்ய வேண்டியது

பெரிய கூட்டம், மாலை, மேடை எதுவும் முதலில் வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கிளையிலும், நம் ஆட்கள் குடியிருக்கிற ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர்? ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் எத்தனை பேர்? பகலில் தனியாக இருக்கும் முதியவர் எத்தனை பேர்? அவர்களுக்காக வேலையை விட்ட பெண் எத்தனை பேர்? நான்கு கேள்விதான். பேர் எழுதச் சங்கடப்பட்டால் எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் திங்கட்கிழமை பூட்டிக் கிடக்கிற மண்டபம் எது என்றும் குறித்து வையுங்கள்.

அந்தக் கணக்கைக் கிளைச் செயலாளர் சங்கத் தலைமையகத்துக்கு அனுப்பட்டும். சங்கம் அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாநகராண்மைக் கழகங்களுக்கும், கூட்டுறவுச் சங்க ஆணையத்துக்கும் போகட்டும். ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு மண்டபத்தில் ஆரம்பிப்போம். அது நின்றால் இரண்டாவது தானாக வரும்.

தோழர்களே, பால்மரத்தை வெட்டி வெட்டி இந்த நாட்டை எழுப்பியவர்கள் இன்றைக்குத் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறார்கள். பரிதாபப்பட்டால் போதாது. பத்து வெள்ளியும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுங்கள். மண்டபச் சாவியைக் கேட்டு நாம் எல்லாரும் சேர்ந்து போவோம்.